ஜன்னலோரத் தொட்டியில் ஒன்பது மீன்கள்: தண்ணீர் ஏன் புதன்கிழமைக்குள் பச்சையாகிறது?

சென்னைப் புறநகரில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் புது வீட்டுக்குக் குடிபோனபோது 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீன்தொட்டி வாங்கியிருக்கிறார்கள். வாஸ்துப்படி ஹாலின் வடகிழக்கு மூலையில், கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு ஆரஞ்சு கோல்ட்ஃபிஷ், ஒரு பிளாக் மூர் (அதுவும் கறுப்பு நிறக் கோல்ட்ஃபிஷ்தான்), ஆக ஒன்பது. 'பாசியை எல்லாம் இது தின்றுவிடும்' என்று கடைக்காரர் சொன்னதால் ஒரு சக்கர் ஃபிஷ்ஷும் சேர்ந்தது. ஞாயிறுதோறும் மீன்களைப் பக்கெட்டில் பிடித்து வைத்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கூழாங்கற்களை அலசி, டாப் ஃபில்டரின் பஞ்சையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்து, சம்ப் தண்ணீரை நிரப்புகிறார். சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்திருக்கும். புதன்கிழமைக்குள் தண்ணீர் மறுபடி பச்சை. வெள்ளிக்கிழமை மீன் இருப்பதே தெரிவதில்லை.

விளக்கு காலையில் போட்டால் இரவு 11 மணிக்குத்தான் அணைகிறது. குழந்தைகள் ஆசைப்பட்டு மூன்று வேளை தீனி போடுகிறார்கள். மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதால் இரவில் ஃபில்டரை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு கோல்ட்ஃபிஷ் செத்துப்போக, எண்ணிக்கை குறையக் கூடாது என்று உடனே வேறு இரண்டு வாங்கி விட்டிருக்கிறார்கள். 'வீட்டுக்கு வந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது' என்கிறார் மாமியார். 'தொட்டியையே விற்றுவிடலாம்' என்கிறார் கணவர். கடைக்காரர் லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்து 'பாசி மருந்து' என்றிருக்கிறார். ஊரில் குளம் வைத்திருக்கும் சித்தப்பா மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போடச் சொல்கிறார். பாசியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு 2,500 ரூபாய் என்கிறார்கள், வாங்கலாமா? சக்கர் ஃபிஷ் ஏன் பாசியைத் தின்னவில்லை? ஒன்பது மீனுக்கு இந்தத் தொட்டி போதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, 'இதைவிடச் சுத்தமாக நான் எப்படித்தான் வைத்துக்கொள்வது?' இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. மீன் நோய்களைப் பார்ப்பதே என் தொழில். வாரம் தவறாமல் இவ்வளவு சிரத்தையாகத் தொட்டியைக் கவனிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்தான் பாசியைத் திரும்பத் திரும்ப வரவைக்கிறது. இதைச் சொன்னால் யாருக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இன்று இரவிலிருந்து ஃபில்டரை நிறுத்தாதீர்கள். சத்தம் தாங்கவில்லையென்றால், நீர்மட்டத்தை ஒரு அங்குலம் உயர்த்திப் பாருங்கள், தண்ணீர் விழும் சத்தம் பாதியாகக் குறையும். மீன்களின் மூச்சுக்கு உதவியாக இரவுக்கு மட்டும் ஒரு சிறிய ஏர் பம்ப்பையும், அடியில் மடித்த துணி வைத்து ஓட விடுங்கள். ஆனால் அதை நம்பி ஃபில்டரை நிறுத்திவிடாதீர்கள். மீதியைப் படித்தால் காரணம் புரியும்.

உங்கள் தொட்டிக்கு வயது எட்டு மாதம் அல்ல, ஒரு வாரம்

மீன் தன் உடம்புக் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் அவ்வளவாக மிதப்பதில்லை. ஸ்பாஞ்சின் துளைகளிலும் கூழாங்கற்களின் மேலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஸ்பாஞ்சில் பழுப்பாக, வழவழப்பாக ஒன்று படிகிறதே, அழுக்கு என்று நீங்கள் பிழிந்து கொட்டுவது, அதில்தான் அவை குடியிருக்கின்றன.

ஒரு புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் ஏழாவது நாளே மொத்தமாகக் கழுவிவிடுகிறீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிச்சம் மீதியும் செத்துவிடும். இரவில் ஃபில்டர் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தப்பித்தவையும் திணறும். இப்படி ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்கள் தொட்டி மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அம்மோனியாவை மாற்ற ஆள் இல்லை. பாசிக்கோ அம்மோனியா என்றால் எளிதில் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய உரம். கண்ணாடியிலும் கல்லிடுக்கிலும் எத்தனை கழுவினாலும் பாசிச் செல்கள் ஏராளமாக மிஞ்சும். வெளிச்சமும் உரமும் கிடைத்தால் அவை ஒரு நாளிலேயே பல மடங்காகப் பெருகக்கூடும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணிப் பாருங்கள், புதன்கிழமை பச்சையாவதில் ஆச்சரியம் இல்லை.

தீனிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். உங்கள் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 127 லிட்டர். கற்களும் மேலே விட்ட இடைவெளியும் போனால் நிற்கும் தண்ணீர் 105 லிட்டர் அளவில் இருக்கும். மூன்று வேளையும் சேர்த்து நாளைக்கு 3 கிராம் தீனி போவதாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கையால் அள்ளிப் போட்டால் அதற்கு மேலேயே போகும். 35 சதவீதம் புரதம் உள்ள தீனியில், 1 கிராமுக்குச் சுமார் 56 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் முக்கால் பங்கு தண்ணீரில் கலந்து, கடைசியில் நைட்ரேட்டாக மாறினால், நாளொன்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஏறும். ஒரே வாரத்தில் 35-ஐத் தாண்டிவிடும். இத்துடன் தீனியில் உள்ள பாஸ்பரஸும் சேர்கிறது. பாசிக்கு இவ்வளவு தாராளமாக யாரும் உரம் போட மாட்டார்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது. பிறகு விளக்கு இரவு 11 மணி வரை. 16, 17 மணி நேர வெளிச்சம் எந்த மீனுக்கும் வேண்டாம். கோல்ட்ஃபிஷ்ஷுக்குக் கண் இமையே கிடையாது, இருட்டு வந்தால்தான் அதற்கு ஓய்வு.

காலையில் மீன் ஏன் வாயைத் திறக்கிறது?

பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையக்கூடிய ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையுமென்றால், நம் ஊர் 30 டிகிரியில் ஏழரைதான். ஒன்பது கோல்ட்ஃபிஷ், ஒரு சக்கர், கோடிக்கணக்கான பாசிச் செல்கள், இத்தனையும் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனுக்குப் போட்டியிடும் நேரத்தில் ஃபில்டரையும் நிறுத்திவிடுகிறீர்கள். விடியற்காலைதான் ஆக்சிஜன் மிகமிகக் குறையும் நேரம். மீன்கள் மேலே வந்து காற்றும் நீரும் சேருமிடத்தில் மூச்சு வாங்குவது அதனால்தான்.

மதியத்தில் வேறொரு ஆபத்து. பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச தண்ணீரின் பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) ஏறும். அம்மோனியாவில் எவ்வளவு விஷ வடிவில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த பி.எச்.தான். 28 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் 1 சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் 6, 7 சதவீதம். 9-ஐத் தொட்டால் ஏறத்தாழ 40 சதவீதம். காலையில் தாங்கக்கூடியதாக இருந்த அதே அம்மோனியா மதியம் மீனைக் கொன்றுவிடலாம். உங்கள் இரண்டு மீன்கள் செத்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இரவு மூச்சுத்திணறலும் பகல் அம்மோனியாவும்தான் என் முதல் சந்தேகம். மாமியாரின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் செத்த மீனுக்குப் பதில் உடனே புது மீன் விடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அதே தண்ணீரில் அடுத்த மீனும் அதையேதான் அனுபவிக்கும்.

பச்சையை இப்போதே அழிக்காதீர்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் தொட்டியில் பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லை. அம்மோனியாவை இப்போது உறிஞ்சிக்கொண்டிருப்பது அந்தப் பச்சைப் பாசி ஒன்றுதான். நீங்கள் திட்டித் தீர்க்கும் அந்தப் பாசிதான் இந்த நிமிடம் உங்கள் மீன்களுக்கு ஃபில்டர். மருந்து ஊற்றியோ, யு.வி. போட்டோ, இருட்டடித்தோ அதை ஒரே அடியாகக் கொன்றால் இரண்டு நடக்கும். செத்த பாசி அழுகித் தன் பங்குக்கு அம்மோனியாவை விடும். அதை எடுத்துக்கொள்ளப் பாசியும் இருக்காது, பாக்டீரியாவும் இருக்காது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்த மூன்றாம் நாள் மீன்கள் வரிசையாகச் செத்த வீடுகளை எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஃபில்டரில் பாக்டீரியா வளரட்டும். பாசிக்கு எதிரான வேலை அதற்குப் பிறகு. ஐந்தாறு வாரம் பச்சைத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் தொட்டியில் இருப்பது மிதக்கும் பச்சைப் பாசிதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தொட்டித் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். இளம்பச்சையாக, இரவு முழுக்க வைத்தாலும் அடியில் படியாமல் இருந்தால் அதுதான். பால் கலந்ததுபோல் வெளிறி இருந்தால் அது பாக்டீரியா மிதப்பு, தானே அடங்கும். நீங்கள் கண்ணாடியில் பார்த்த பழுப்புத் தூள் விரலால் தேய்த்ததும் வந்துவிடுகிறது என்கிறீர்கள். அது டயாட்டம், புதுத் தொட்டிகளில் வருவது, கழுவிக் கழுவிப் புதுசாக்குவதை நிறுத்தினால் போய்விடும். பச்சையும் நீலமும் கலந்து, சவ்வுபோல் உரிந்து வந்து, சேற்று நாற்றம் அடித்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது உண்மையில் பாசியே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதற்கு எரித்ரோமைசின் மாத்திரை போடச் சொல்வார்கள். உங்கள் ஃபில்டரையும் அது பாதிக்கக்கூடும், ஆன்டிபயாட்டிக்கை இப்படிச் சாக்கடையில் விடுவதும் சரியல்ல. செய்யாதீர்கள்.

அடுத்த ஆறு வாரம்

இனி முழுத் தண்ணீரை ஒருபோதும் மாற்ற வேண்டாம். நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். முதல் மூன்று வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு குடம் ஊற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறை போதும். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றவே வேண்டாம், அந்தப் பயமே அவற்றை நோய்க்குத் தயார் செய்கிறது. அரை அங்குல டியூபைக் கற்களுக்குள் செருகி சைஃபன் செய்தால் அடியில் கிடக்கும் கழிவு தண்ணீரோடு வந்துவிடும். தொட்டியின் ஒரு பாதியை இந்தமுறை, மறுபாதியை அடுத்தமுறை.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்துவைத்த தொட்டித் தண்ணீரிலேயே நாலு தரம் அழுத்தி எடுங்கள். அது பழுப்பாகவே இருக்கட்டும். மேலே உள்ள வெள்ளைப் பஞ்சை மட்டும் அழுக்கேறினால் தூக்கிப்போட்டுப் புதுசு வைக்கலாம். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் பழைய தொட்டி இருந்து, அங்கே அண்மையில் மீன் எதுவும் நோயில் சாகாமல் இருந்தால், அவர்கள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஈரத்தோடு வாங்கிவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். தயிருக்கு உறைமோர் ஊற்றுவதுபோல்தான். ஆறு வாரம் மூன்று வாரமாகச் சுருங்கவும் வாய்ப்புண்டு.

சம்ப் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கட்டாயம். மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலப்பதால் என்றைக்கு எவ்வளவு குளோரின் என்று நமக்குத் தெரியாது. பாட்டிலில் சொன்ன அளவைக் குடத்திலேயே கலந்துவிட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்துவைத்து ஊற்றுவதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் உப்புகள் செறிந்திருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் பார்க்கக்கூடிய சொட்டுமருந்து வகையாக இருக்கட்டும். யு.வி. விளக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் முதல் செலவு இதற்குத்தான் என்பேன். முதலில் சம்ப் தண்ணீரையே சோதியுங்கள். சில இடங்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் கூடுதலாக இருக்கும், அப்படியானால் தண்ணீர் மாற்றுவதால் மட்டும் பாசிக்குப் போகும் உரம் குறையாது. பிறகு தொட்டித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரைட் தெரியும் நாட்களில் லிட்டருக்கு 1 கிராம் வீதம், அதாவது சுமார் 100 கிராம் கல் உப்பைக் கரைத்துச் சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். நீங்கள் பாசிக்காகப் போட்ட உப்பு பாசியை ஒன்றும் செய்யாது, உப்புக்கு இங்கே இந்த ஒரு வேலைதான்.

தீனி நாளுக்கு ஒருவேளை. ஒன்றிரண்டு நிமிடத்தில் மிச்சமில்லாமல் தின்று முடிக்கும் அளவு, வாரத்தில் ஒருநாள் பட்டினி. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு வயிறு என்று தனியே ஒரு உறுப்பே இல்லை. எப்போது கண்ணாடிக்கு அருகில் போனாலும் ஓடிவந்து கேட்கும், அதைப் பசி என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். ஒரு சிறிய டப்பாவில் அன்றைய தீனியைக் காலையில் நீங்களே போட்டுவையுங்கள். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். குழந்தைகளின் ஆசையும் கெடாது.

விளக்குக்கு ஒரு டைமர் பிளக். மாலை 3 மணியிலிருந்து 10 மணிவரை போதும், வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரமும் அதுதான். தொட்டியை மூலையிலிருந்து நகர்த்த வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நகர்த்த வேண்டியதில்லை. ஜன்னல் பக்கக் கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் வெளிப்புறமாகக் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். வடகிழக்கு வடகிழக்காகவே இருக்கும். வெயில் மட்டும் வராது.

இன்னொரு உதவி உங்கள் வீட்டிலேயே இருக்கும். மணி பிளான்ட் கொடியின் இரண்டு மூன்று துண்டுகளை, இலைகள் வெளியிலும் கணுக்கள் தண்ணீரிலுமாக டாப் ஃபில்டரில் செருகிவையுங்கள். வேர்விட்டதும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். இலை தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் செடி வைக்க ஆசையிருந்தால், கோல்ட்ஃபிஷ் பெரும்பாலும் கடிக்காமல் விடும் அனுபியாஸை ஒரு கல்லில் கட்டிப் போடலாம்.

துத்தம், லேபிள் இல்லாத பாட்டில், யு.வி. விளக்கு

சித்தப்பா சொன்னது பொய்யல்ல. குளங்களில் பாசிக்கு மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அங்கே நீரின் அளவும் காரத்தன்மையும் பார்த்து அளவு போடுவார்கள், அப்போதும் சில சமயம் மீன் சாகும். 105 லிட்டரில் ஒரு சிட்டிகை கூடினாலும் தாமிரம் செவுளை அரித்துவிடும். நத்தைக்கும் இறாலுக்கும் அது இன்னும் கொடியது. கல்லில் தங்கித் தொடர்ந்து தொல்லை தரும். வேண்டவே வேண்டாம்.

பாட்டிலைப் பொறுத்தவரை, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதப்படாத எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கடைக்காரரிடம் பெயர் கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்பட ஒன்றுமில்லை. லேபிளோடு கூடிய சீல் பாட்டில் தர முடியாதென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யு.வி. நல்ல கருவி. மிதக்கும் பாசியை அது நிச்சயமாகத் தெளிய வைக்கும். ஆனால் கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது, தண்ணீரிலுள்ள உரத்தையும் குறைக்காது. ஃபில்டர் நிலைபெற்று, அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு, முதலில் காசில்லாத வழியைச் செய்துபாருங்கள். தொட்டியைக் கனமான போர்வையால் நான்கு பக்கமும் மூடி, விளக்கை அணைத்து, மூன்று நாட்கள் முழு இருட்டில் வையுங்கள். ஃபில்டரும் ஏர் பம்ப்பும் ஓடட்டும், தீனி வேண்டாம், ஆரோக்கியமான கோல்ட்ஃபிஷ் மூன்று நாள் பட்டினியைத் தாராளமாகத் தாங்கும். நான்காம் நாள் மூன்று குடம் தண்ணீரை மாற்றுங்கள். வெளிச்சமும் தீனியும் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்குள் மறுபடி பச்சையானால் அப்போது யு.வி. வாங்குங்கள். 9 வாட் அளவில், விளக்கு முழுக்கக் கூட்டுக்குள் மூடியிருக்கும் வகையாகப் பாருங்கள். திறந்த குழல் மீனின் கண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் கெடுதல். தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

ஃபில்டர் வாயில் கறுப்பாகத் தாடிபோல் முளைத்திருக்கிறது என்றீர்கள். அந்தப் பாகத்தைக் கழற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டிக்கு வெளியே வைத்துத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து நன்றாக அலசி மாட்டுங்கள். நிறம் வெளுத்துச் செத்துவிடும். ஸ்பாஞ்சில் மட்டும் படவே கூடாது. முன்கண்ணாடியைத் தவிர மற்ற இடங்களில் மெல்லிசாகப் பச்சை படிந்தால் விட்டுவிடுங்கள். மீன்கள் கொறிக்கும், அவற்றுக்கு அது கெடுதலே இல்லை.

சக்கர் ஃபிஷ்

அது மிதக்கும் பாசியைத் தின்னவே முடியாது, வாய் ஒட்டிச் சுரண்டும் அமைப்பு. குட்டியாக இருக்கும்போது கண்ணாடியைச் சுரண்டும். வளர வளர தீனியில்தான் நாட்டம். ஒரு அடிக்கு மேல் வளரும், நிறையக் கழிவு போடும், இரவில் மெதுவாக நீந்தும் கோல்ட்ஃபிஷ்ஷின் மேல் ஒட்டி உடம்புச் சளியை உறிஞ்சவும் செய்யும். ஒரு மீனின் விலாவில் வட்டமாகச் செதில் உதிர்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் பரவாயில்லை. ஏரியில் மட்டும் விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன், தொட்டிகளிலிருந்து வெளியே விடப்பட்டு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. அதன் முள்ளில் வலை கிழிந்து நஷ்டப்படுவது மீனவர்கள்தான்.

ஒன்பது என்ற எண்

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. ஒன்பது கோல்ட்ஃபிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி போதாது. மூன்று இருக்கலாம், அதற்கு மேல் எந்த ஃபில்டரும் சமாளிக்காது. அவை இப்போது விரலளவுதான், ஆனால் உள்ளங்கை அளவுக்கு வளர வேண்டியவை. கணவர் சொல்வதுபோல் விற்றுவிடுவதும் ஒரு வழிதான், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் கடிதம் முழுக்க நீங்கள் அந்த மீன்களைப் பற்றி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், விற்க உங்களுக்கு மனமில்லை என்று தெரிகிறது. அதனால் இரண்டு வழி சொல்கிறேன்.

மூரையும் உங்களுக்குப் பிடித்த இரண்டு கோல்ட்ஃபிஷ்ஷையும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடுவது ஒன்று. சென்னை கொளத்தூரில் பல வண்ணமீன் கடைகள் வளர்ந்த மீன்களை வாங்கிக்கொள்ளும், மாடியில் சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்பது குறையக் கூடாது என்பது வீட்டில் முக்கியம் என்றால் மற்றொன்று: கோல்ட்ஃபிஷ் அனைத்தையும் கொடுத்துவிட்டு, எட்டு ஆரஞ்சு பிளாட்டியும் ஒரு கறுப்பு மோலியும் வாங்குங்கள். எண்ணிக்கையும் நிறமும் அப்படியே இருக்கும், கழிவு பல மடங்கு குறையும். இரண்டுமே உங்கள் கடினமான போர் தண்ணீருக்குப் பொருத்தமானவை. மோலி பாசியையும் கொறிக்கும். எல்லாம் ஆணாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் ஒன்பது ஐம்பதாகும். அடித்துடுப்பு விசிறிபோல் விரிந்தால் பெண், குச்சிபோல் கூர்ந்து பின்னோக்கி மடிந்திருந்தால் ஆண். மாமியாரிடம் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிக்குத்தான் என் ஓட்டு.

எந்த வழியானாலும் வேண்டாத மீன்களை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், தண்ணீரின் சுமை உடனே குறையும். புது மீன்களை மட்டும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை வாங்காதீர்கள். பிளாட்டி வழியைத் தேர்ந்தெடுத்தால், ஃபில்டர் வளர அம்மோனியா தேவைப்படும் என்பதால், அந்த ஆறு வாரம் இரண்டு கோல்ட்ஃபிஷ்ஷையாவது தொட்டியில் வைத்திருந்து, புது மீன் வாங்கும் நாளில் கொடுங்கள். இடையில் மீன்கள் பகலிலும் மேலே வந்து மூச்சு வாங்கினாலோ, செவுள் சிவந்தோ பழுப்பாகவோ தெரிந்தாலோ, தயங்காமல் ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரால் பாதித் தொட்டியை அன்றே மாற்றுங்கள். பிறகு கிட் காட்டிய அளவுகளைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.